அமாவாசையில் பிடித்த விரால்

மீனைப் பிடித்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்ன வேண்டும். தின்ன மனமில்லை என்றால் பிடித்த இடத்திலேயே, அந்த நிமிடமே விட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. முசரவாக்கம் ஏரிக்கரையில் நின்றுகொண்டு இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லியிருக்கிறேன் என்றால், சண்டை போட்டிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊருக்குத்தான் உபதேசம் என்று என் மனைவி அப்போதே சொல்வாள்.

நான் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவன். வீட்டு முன்னறையில் தறி இருக்கிறது. காலை இறக்கி உட்கார அதன் கீழே ஒரு பள்ளம். நான் நெய்வேன், அவள் பக்கத்தில் இராட்டையில் எனக்கு நூல் சுற்றித் தருவாள். ஒரே மகன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். மாதத்தில் ஒரு நாள், அமாவாசை அன்று, எங்கள் தெருவில் தறி ஓடாது. அன்றைக்குத்தான் நான் தூண்டிலைத் தூக்குவேன்.

இதில் ஒரு கூத்து உண்டு. அமாவாசை அன்று எங்கள் வீட்டில் கவிச்சி சேர்ப்பதில்லை. செத்துப்போனவர்களுக்குப் படைக்கிற நாள். மீன் பிடிக்க நேரம் கிடைக்கிற ஒரே நாளில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. என்னோடு வழக்கமாக வருகிறவன் பக்கத்துத் தெருவில் சாயப்பட்டறை வைத்திருப்பவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவன் ஒவ்வொரு அமாவாசைக்கும் தவறாமல் புலம்புவான்: "புடிக்கிறதும் அமாவாசை, துன்னக் கூடாததும் அமாவாசை. எந்த மகராசன்ணா இத கண்டுபுடிச்சான்?"

ஆனால் விராலுக்கு இது பொருந்தி வரும். விரால் கெட்டி உயிர். மற்ற மீன் மாதிரி வாளியில் போட்டதும் மல்லாந்துவிடாது. கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும், நிமிடத்துக்கு ஒரு தரம் மேலே வந்து வாயைத் திறந்து காற்றை வாங்கிக்கொண்டு கீழே போகும். ஆகவே பிடித்த விராலை உயிரோடு கொண்டுவந்து டிரம்மில் போடுவோம். எகிறி விழாமல் இருக்க மேலே ஒரு பலகை, பலகை மேல் குழவிக்கல். மறுநாள் காலையில் அறுப்போம். வருடக்கணக்காக இப்படித்தான் செய்தோம். அது தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தப்பு என்று நாங்கள் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பார்ப்போடு இருக்கிற விராலைத் தொடக்கூடாது. பார்ப்பு என்றால் குஞ்சு. நல்ல மழை பெய்து ஏரியில் புதுத் தண்ணீர் ஏறினால், கோரைப்புல் ஓரமாகப் பார்ப்பு திரியும். ஆயிரக்கணக்கில், செக்கச் செவேல் என்று, தண்ணீர் மேல் தூறல் விழுவது போல் கொப்பளித்துக்கொண்டு இருக்கும். அதற்குக் கீழே பெரிய விரால் காவல் நிற்கும். ஆணா பெண்ணா என்று நமக்குத் தெரியாது, இரண்டுமே காக்கும் என்பார்கள். தூண்டில் முள்ளில் மாட்டிய ரப்பர் தவளையை அந்தச் சிவப்புக்கு நடுவில் வீசினால் எந்த விராலும் வந்து கடிக்கும். திறமையே வேண்டாம். குஞ்சை எவனோ தின்ன வந்துவிட்டான் என்ற ஆத்திரத்தில் கடிக்கும்.

ஒருமுறை எங்கிருந்தோ வந்த ஒரு ஆள் அப்படி வீசியதைப் பார்த்தேன். அவன் கையிலிருந்த தூண்டில் ராடைப் பிடுங்கி ஏரியில் எறிந்துவிட்டேன். "உங்க வூட்டு வாசல்ல வந்து கொயந்தய கிள்ளி, நீ வெளில வந்தா மண்டைல போட்டா ஒத்துக்குவியா?" என்று கத்தினேன். கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஒரு வருடம் ஆடியில் என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. பித்தப்பையில் கல், முற்றிப்போய்ப் பெரிதாகக் கிழிக்கவேண்டி வந்துவிட்டது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் அவளுக்குச் சர்க்கரை. தையலில் ஒரு ஓரம் மட்டும் மூடாமல் கசிந்துகொண்டே இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றினார்கள். டாக்டர் முட்டை சாப்பிடு என்றார். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் விரால் கொடு, விரால் கொடு என்றார்கள். புண் ஆற விராலைப்போல் ஒன்றும் இல்லை என்பது இங்கே எல்லா வீட்டிலும் சொல்கிற வைத்தியம்.

மார்க்கெட்டில் பண்ணை விரால் வாங்கி வந்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "சேறு வாடை அடிக்குதுங்க" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். அவள் பிறந்தது முசரவாக்கத்தில், அந்த ஏரிக்குக் கீழே அவர்கள் வீட்டு நிலம். ஏரி விரால் எது, பண்ணை விரால் எது என்று அவளை ஏமாற்ற முடியாது. சோறே இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. ஒருநாள், "ஏரி விராலா இருந்தா ரெண்டு வாய் துன்னுவேன்" என்று அவளாகவே சொன்னாள். மூன்று வாரத்தில் அவளாக ஒன்றைக் கேட்டது அதுதான்.

ஆவணி முகூர்த்தத்துக்கு முடித்துக் கொடுக்க வேண்டிய சேலை தறியில் இருந்தது. அந்த ஆவணி அமாவாசையை விட்டால் எனக்கு நாள் இல்லை. அதற்குப் பிறகு புரட்டாசி வந்துவிடும், மாதம் முழுக்க வீட்டில் கவிச்சி கிடையாது. அந்த ஒரு காலை நேரம்தான் என் கையில் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புண் ஆறாமலே போய்விடுமோ என்ற பயம்.

விடிந்ததும் சாயப்பட்டறைக்காரனும் நானும் ஏரிக்குப் போனோம். வெயில் ஏறும்வரை ஒரு கடிகூட இல்லை. கிளம்பலாம் என்று நினைத்த நேரத்தில் மதகுக்கு அந்தப் பக்கம், கோரை ஓரத்தில், ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர் சிவப்பாகக் கொப்பளித்தது.

"ணா, பார்ப்பு," என்றான் அவன். தன் நூலைச் சுற்றிக்கொண்டே எழுந்தான். "வா, அந்தாண்ட போலாம்."

நான் போகவில்லை. கை தானாக வீசியது என்றெல்லாம் சொன்னால் அது பொய். நான்தான் வீசினேன், குறி பார்த்து வீசினேன். முதல் வீச்சுக்கு அந்த மீன் கடிக்கவில்லை. மேலே வந்து ரப்பர் தவளையை மூக்கால் முட்டி ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனது. போடா அந்தப் பக்கம் என்று சொல்வதுபோல் இருந்தது. இரண்டாம் தடவையும் அதேதான். மூன்றாம் தடவைதான் தண்ணீர் வெடித்தது.

கரைக்கு இழுத்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. அந்த ஏரியில் அவ்வளவு பெரிய விராலை நான் பார்த்ததில்லை, பிறகும் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. மூன்றரை கிலோவுக்குக் குறையாது. முதுகு கறுத்து, தலை என் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

"ணா, ஒரு போட்டோ எடுத்துக்கோ, விட்டுடுணா," என்றான் அவன். "இத்தினி வருசம் யார் கைலயும் சிக்காம வளந்திருக்குது. இது இருந்தாதான் இந்த ஏரில நாளைக்கு விராலு இருக்கும்."

"எங்க வூட்ல புண்ணு ஆறாம கெடக்குதுடா. உன் போட்டோவ வச்சா கொழம்பு வைக்கச் சொல்ற?"

"இதையே இன்னொருத்தன் பண்ணா ராடப் புடுங்கி ஏரில போட்டியே."

"கம்முனு இர்ரா!" என்று கத்தினேன்.

மீனை வாளிக்குள் இறக்கி மூடியபோது அந்தச் சிவப்பு நாலாகப் பிரிந்தது. ஒரு கூட்டம் கோரைக்குள் போய்த் திரும்பி வந்தது. இன்னொரு கூட்டம் கரைப் பக்கம், கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்த என்னிடமே வந்தது. என் கால் ஏதோ அவற்றுக்குத் துணை என்று நினைத்துவிட்டன போல. காலைச் சுற்றிச் சுற்றி வந்தன. நான் அசையாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு காலை உருவிக்கொண்டு மேலே ஏறிவிட்டேன்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். தறி, அதை ஒட்டி என் மனைவியின் கட்டில், அப்பால் அடுப்படி. டிரம் வைக்கக் கட்டில் ஓரம் தவிர வேறு இடமில்லை. வாளியிலிருந்து மீனைக் கவிழ்த்தபோது அவள் கையை ஊன்றி எழுந்து பார்த்தாள்.

"யம்மாடி!" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். "எந்தாண்ட புடிச்சீங்க?"

"மதகாண்ட."

டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தவள், சிரிப்பு மாறாமலே கேட்டாள். "பார்ப்பு இருந்துதா?"

"இல்ல."

"மழ பேஞ்ச மாசத்துல இவ்ளோ பெருசு தனியாவா இருக்கும்?"

"இருந்துது. நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஏரிக்குக் கீழே வளர்ந்தவள். பார்ப்பு இருந்தது என்று சொல்லியிருந்தால் அந்தக் குழம்பைத் தொடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. அவள் புண் ஆற வேண்டும், அதற்கு ஒரு பொய் போனால் போகட்டும் என்று கணக்குப் போட்டேன்.

படையல் போட்டோம், காக்கைக்கு வைத்தோம், வாழைக்காய் வறுவலோடு சாப்பிட்டோம். பிறகு வீடு அமைதியானது. தறி ஓடும் நாளில் எங்கள் தெருவில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அமாவாசை அன்று ஈ பறப்பதும் கேட்கும். அந்த அமைதியில் டிரம்முக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. களுக். மீன் மேலே வந்து மூச்சு வாங்கும் சத்தம். பிறகு வால் பிளாஸ்டிக்கில் உரசும். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி களுக். எத்தனையோ விராலை அந்த டிரம்மில் போட்டிருக்கிறேன், ஒருநாளும் காதில் விழுந்ததில்லை. அன்றைக்கு வேறு எதுவுமே காதில் விழவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை விராலின் வழவழப்பைத் தேய்த்தெடுக்கச் சாம்பலை எடுத்து வைத்தேன். புளியை ஊறப் போட்டேன். அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து, குழவிக்கல்லைத் தூக்கப் போனேன்.

"இருங்க," என்றாள்.

"இன்னாமா?"

"இதக் கொண்டும் போய் ஏரில விட்டுடுங்க."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "உனுக்குப் பைத்தியமா? யாருக்காகப் புடிச்சாந்தேன்? ஊரே சொல்லுது விராலு துன்னாதான் ஆறும்னு. ஏரி விராலு வேணும்னு நீதான கேட்ட!"

அவள் குரலை உயர்த்தவில்லை. "கேட்டேன். புடிச்ச ஒடனே அறுத்து ஆக்கிப் போட்டிருந்தா துன்னிருப்பேன். ஆபரேசனுக்கு மொத நாளு ஆஸ்பத்திரில என்னிய படுக்க வச்சாங்களே, ஞாபகம் இருக்குதா? காலைல கத்தி வெப்பாங்கனு தெரிஞ்சிக்கினு ஒரு நாளு படுத்துக்கினு கெடக்குறது எப்பிடின்னு எனுக்குத் தெரியுங்க. நேத்துலேர்ந்து அது ஒவ்வொரு வாட்டி மூச்சு வாங்கும்போதும் நானும் கூடவே வாங்கிக்கினு இருக்குறேன். என்னால துன்ன முடியாது."

நான் அரிவாள்மனையை மடக்கினேன்.

"நானும் வர்றேன்," என்றாள். வேண்டாம், தையல் இழுக்கும் என்றேன். கேட்கவில்லை. ஆட்டோ வைத்துக்கொண்டு போனோம். வயிற்றில் ஒரு கையும் வாளி மூடியில் ஒரு கையுமாக உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்தாள். அவளை எப்படியாவது வேறு பக்கக் கரைக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஆட்டோ நின்றதும், "மதகாண்டனு சொன்னீங்க இல்ல?" என்று அவளே முன்னால் நடந்தாள்.

வாளியைத் தண்ணீரில் சாய்த்தேன். மீன் ஒரு நொடி வாளி விளிம்பில் கிடந்தது. பிறகு ஒரே உதை. போய்விட்டது. "போ, போ, உன் எடத்துக்குப் போ," என்றாள். அவள் முகம் தெளிந்திருந்தது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது. கிளம்பலாம் என்றேன்.

அப்போது கோரை ஓரத்தில் அது மேலே வந்தது. களுக். நேற்று பார்ப்பு இருந்த அதே இடம். கோரையை உரசிக்கொண்டு ஒரு சுற்றுப் போனது. புல் ஆடுவதை வைத்தே அது போகிற வழி தெரிந்தது. மறுபடி அங்கேயே வந்தது. மறுபடி ஒரு சுற்று, இந்தத் தடவை இன்னும் அகலமாக. கரையோரத்துக்கு, நேற்று என் கால் இருந்த இடம்வரை வந்து திரும்பியது. தண்ணீரில் சிவப்பு என்று ஒரு துளி இல்லை. மதகுக் கல்மேல் இரண்டு நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. காவல் இல்லாத பார்ப்புக்கு ஒரு பொழுதே அதிகம்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். வெயில் சுட்டது. நான் குடையை விரித்தேன்.

"எங்கியும் போவாம அங்கியே ஏன் சுத்துது?" என்றாள்.

நான் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.

"எத்தினி இருந்துது?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒரு மொறம் அளவு," என்றேன்.

"நேத்து கேட்டனே," என்றாள். "நேத்து மத்தியானமே சொல்லிருந்தா அப்பவே கொண்டாந்து விட்டிருக்கலாமே."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அவள் திட்டவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது காலி வாளியைத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். எப்போதும் சாய்கிற பக்கம், என் தோள் பக்கம், அவள் சாயவில்லை.

புண் ஆறியது. முட்டையும் மாத்திரையும் கட்டும்தான் ஆற்றின. கொஞ்சம் நாள் கூடப் பிடித்தது, அவ்வளவுதான். விரால் இல்லாமலே ஆறியது என்று தெரிந்தபோது எனக்கு வந்த அவமானத்தை யாரிடம் சொல்ல? புரட்டாசி முடிவதற்குள் அவள் இராட்டை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அந்த மீனைப் பற்றி ஒரு வார்த்தை அவள் எடுக்கவில்லை.

என்னால்தான் முடியவில்லை. தறிப் பள்ளத்தில் உட்கார்ந்து, நூலோடு குறுக்கே ஓடும் நாடாவைத் தள்ளி, அடுத்த மிதிக்குக் காலை மாற்றும் இடைவெளியில் அந்தச் சத்தம் கேட்கும். டிரம்மைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டேன். அப்படியும் கேட்கிறது. குளிக்கும்போது கணுக்காலைச் சுற்றி ஏதோ மொய்க்கிற மாதிரி இருக்கும், உதறிக்கொள்வேன். ராடையும் ரப்பர் தவளையையும் சாயப்பட்டறைக்காரனிடம் கொடுத்தேன். "எனுக்கு எதுக்குணா?" என்றான், ஆனாலும் வாங்கி வைத்தான்.

வீட்டில் ஒன்று மாறிவிட்டது. கடைக்குப் போனீங்களா, போனேன். மாத்திரை வாங்கினீங்களா, வாங்கினேன். முன்பெல்லாம் நான் பதில் சொல்லும்போது அவள் கை இராட்டையைச் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது இராட்டை ஒரு நொடி நிற்கிறது. என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு "சரி" என்கிறாள். மற்றபடி எல்லாம் பழையபடிதான்.

அமாவாசைகளில் நான் வெறுங்கையோடு ஏரிக்குப் போய் மதகுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டு வருவேன். முதல் இரண்டு மாதம் அது அங்கேயே சுற்றியது. பிறகு காணவில்லை. செத்ததோ, இடம் மாறியதோ, யாராவது பிடித்தார்களோ தெரியாது.

மறுவருடம் ஆவணி அமாவாசைக்குப் போனபோது கோரை ஓரத்தில் தண்ணீர் சிவப்பாகக் கொப்பளித்தது. நான் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். சிவப்புக்கு நடுவில் ஒரு கறுத்த தலை மேலே வந்தது, உள்ளங்கை அகலம். களுக் என்று மூச்சு வாங்கிக்கொண்டு கீழே போனது. அதேதான். சத்தியமாக அதேதான். போனில் வீடியோ எடுத்தேன். பிறகு போட்டுப் பார்த்தால் வெயில் பட்டுக் கூசுகிற தண்ணீரும் ஆடுகிற புல்லும்தான் இருந்தன. பரவாயில்லை என்று வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த விராலு இருக்குதுமா! அதே எடத்துல. பார்ப்போட. ஒரு மொறம் அளவு!"

படையலுக்கு வாழைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். கை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாங்க?"

"நெசமாமா. வா, இப்பவே வா, காட்டுறேன். ஆட்டோ கூப்புடுறேன்."

இன்னும் கொஞ்சம் பார்த்தாள். என்னைத் தேற்றுகிற மாதிரி மெல்லச் சிரித்தாள்.

"வேணாங்க," என்றாள். "இருந்தா இருக்கட்டும்." வாழைக்காயை அரியத் தொடங்கினாள்.